சனிக்கிழமை உழைப்பும் திங்கட்கிழமைச் சலுகையும்

ஈஸ்ட் ஹாமில் கலையை நம்பிப் பிழைக்கும் தமிழர்களுக்கு வேலை வாரம் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு முடிகிறது. கலியாணப் படப்பிடிப்பு, மணப்பெண் மேக்கப், மணவறைச் சோடனை, மருதாணி, சாமத்தியவீட்டு வீடியோ, அரங்கேற்றத்துக்கு மிருதங்கம், சனிக்கிழமைப் பரதநாட்டிய கிளாஸ், ஞாயிறு பாட்டு கிளாஸ் என்று எதை எடுத்தாலும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நடப்பது அரிது. பெற்றோர் வேலைக்குப் போவதற்காகப் பிரித்தானிய அரசு செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளோ திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே முதலாளியிடம் மாதச் சம்பளம் வாங்குபவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை.

கலைத்தொழிலையும் பிள்ளை வளர்ப்பையும் ஒருசேரக் கொண்டுசெல்வதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தாயின் சாமர்த்தியத்தைப் பற்றியே பேசுகிறோம்: அதிகாலையில் எழுகிறாளா, பிள்ளை தூங்கும்போது எடிட் செய்கிறாளா, கணவன் கைகொடுக்கிறானா என்று. ஈஸ்ட் ஹாமின் நிலவரத்தைப் பார்த்தால் சிக்கலின் பெரும்பகுதி சாமர்த்தியத்துக்கு வெளியே இருக்கிறது. யார் உழைப்பாளி, எப்போது உழைக்கிறார், எப்படிச் சம்பாதிக்கிறார் என்பதை அரசின் படிவங்கள் எப்படிக் கணக்கிடுகின்றன என்பதில்தான் அது தொடங்குகிறது.

கடைத்தெருவும் கலைச்சந்தையும்

1965இல் ஈஸ்ட் ஹாம், வெஸ்ட் ஹாம் என்ற இரு நகராட்சிகளை இணைத்து உருவானது நியூஹாம். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே சுமார் 3,51,000 பேர் வாழ்கிறார்கள். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களும், பிறகு மென்பொருள், மருத்துவத் துறை வேலைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் ஹை ஸ்ட்ரீட் நார்த்தை லண்டனின் முக்கியமான தமிழ்க் கடைத்தெருக்களில் ஒன்றாக்கினார்கள். அத்தெருவில் மகாலட்சுமி கோவில் இருக்கிறது. பக்கத்து மேனர் பார்க்கில் முருகன் கோவில் இருக்கிறது. புடவைக் கடை, நகைக் கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை ஆகியவற்றை ஒட்டி, பெயர்ப்பலகை இல்லாத இன்னொரு சந்தையும் வளர்ந்திருக்கிறது. அதன் கடைகள் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கின்றன. பட்டறைகள் வீடுகளின் முன்னறையில் இருக்கின்றன.

பிரித்தானியாவின் மொத்த உழைப்பாளரில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் சுயதொழில் செய்பவர். படைப்புத் துறைகளில் இந்தப் பங்கு கால்வாசிக்கும் மேல். இசை, நிகழ்த்துகலை, காட்சிக்கலை ஆகியவற்றில் பெரும்பான்மையினரே சுயதொழிலர்கள். வருமானமோ நிலையற்றது. எழுத்தை முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 2006இல் 12,330 பவுண்டாக இருந்து 2022இல் 7,000 பவுண்டாகச் சரிந்ததை, எழுத்தாளர் உரிமத் தொகைச் சங்கத்துக்காக கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வு காட்டியது. பிள்ளை பெறுவதற்கு முன்பே இதுதான் தரை.

முந்தைய தலைமுறையின் விடை

ஈஸ்ட் ஹாம் வட்டாரத்துத் தமிழருக்குக் கலையும் எழுத்தும் புதியவை அல்ல. 1986இல் தொடங்கப்பட்ட நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் அகதி மனு, வீட்டு வாடகை, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்கு நடுவே இலக்கியத் தொகுப்புகளையும் வெளியிட்டது. இ. பத்மநாப ஐயர் தொகுத்த ‘கிழக்கும் மேற்கும்’ (1997), ‘இன்னுமொரு காலடி’ (1998), ‘யுகம் மாறும்’ (1999), ‘கண்ணில் தெரியுது வானம்’ (2001) ஆகியவை புலம்பெயர் எழுத்தை உலகத் தமிழருக்குக் காட்டிய நூல்கள்.

அந்தத் தலைமுறை கலையைப் பிழைப்போடு சேர்க்கவில்லை. பெட்ரோல் நிலையத்திலும் பலசரக்குக் கடையிலும் சம்பளம் வாங்கி, மிஞ்சிய இரவுகளில் எழுதினார்கள், நாடகம் போட்டார்கள், சிற்றிதழ் நடத்தினார்கள். கலையால் ஒரு பென்னி வராது என்று ஒப்புக்கொண்டதால் கலை சுதந்திரமாக இருந்தது. ஆனால் அந்த இரவுகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விழித்திருந்தார்கள் என்ற கேள்வி அந்த இலக்கிய வரலாற்றில் அதிகம் இடம்பெறவில்லை. பெரும்பாலும் ஆண்கள் எழுதினார்கள்; பெண்கள் பிள்ளை பார்த்தார்கள். எழுதிய பெண்கள் இரண்டையும் செய்தார்கள்.

இன்றைய தலைமுறை கலையைத் தொழிலாக்கியிருக்கிறது. அதில் பெண்களின் பங்கு கண்ணுக்குத் தெரியும்படி பெரியது. முன்பு வீட்டுக்குள் சரிக்கட்டப்பட்ட கணக்கு இப்போது வரிப்படிவத்திலும் விசா நிபந்தனையிலும் வந்து நிற்கிறது.

பிரசவக் கணக்கு

உரிய தகுதி நிபந்தனைகளை நிறைவு செய்த ஓர் ஊழியருக்கு 39 வாரம் மகப்பேற்று ஊதியம் உண்டு. முதல் 6 வாரங்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 விழுக்காடு. மீதி 33 வாரங்களுக்கு, 2025–26 நிதியாண்டில், வாரம் அதிகபட்சம் 187.18 பவுண்ட். சுயதொழில் செய்பவருக்குக் கிடைப்பது மகப்பேற்று உதவித்தொகை. அதுவும் 39 வாரம்தான். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அந்த ஆண்டின் உச்சவரம்பு 187.18 பவுண்ட்தான். வாரம் 600 பவுண்ட் சம்பாதிக்கும் இருவரை எடுத்துக்கொண்டால், ஊழியருக்கு முதல் 6 வாரத்தில் 3,240 பவுண்ட். மேக்கப் கலைஞருக்கு 1,123 பவுண்ட். பிரசவத்தின் முதல் ஒன்றரை மாதத்திலேயே 2,100 பவுண்டுக்கு மேல் இடைவெளி விழுகிறது. தேசியக் காப்பீட்டுச் சந்தா போதிய அளவு சேராதவருக்கு இந்தத் தொகை வாரம் 27 பவுண்ட் வரை இறங்கலாம்.

தொகையைவிடக் கடினமானது நாட்களின் விதி. உதவித்தொகை பெறும் காலம் முழுவதற்கும் 10 நாட்கள் மட்டுமே வேலை செய்யலாம். தமிழ்க் கலியாணங்களுக்கு மண்டபமும் படப்பிடிப்பும் ஓர் ஆண்டுக்கு முன்பே புக்கிங் ஆகிவிடுகின்றன. கர்ப்பம் உறுதியாகும்போது அடுத்த கோடைக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. ஊழியர் விடுப்பில் போனால் அவர் நாற்காலியைக் காத்துவைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. படப்பிடிப்பாளர் விடுப்பில் போனால் வாடிக்கையாளரை இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும். அந்த வாடிக்கையாளர் திரும்ப வருவார் என்பதற்கு எந்தச் சட்டமும் உறுதி தராது.

இந்த வேறுபாடு நலிந்தவரை இன்னும் நலிவாக்குகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உதவியான யுனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பத்தில் ஊழியரின் மகப்பேற்று ஊதியம் சம்பாத்தியமாகக் கருதப்பட்டு ஒரு பகுதியே கழிக்கப்படுகிறது. சுயதொழிலரின் மகப்பேற்று உதவித்தொகையோ ஒரு பவுண்டுக்கு ஒரு பவுண்ட் கழிக்கப்படுகிறது. ஒரு கையால் தந்ததை மறுகை முழுதாக எடுத்துக்கொள்கிறது.

தந்தைக்கு அதுவும் இல்லை. 2003 முதல் ஊழியரான தந்தைக்கு ஊதியத்துடன் இரு வாரம் விடுப்பு உண்டு. 2015இல் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பும் வந்தது. சுயதொழில் செய்யும் தந்தை இரண்டுக்கும் வெளியே. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஓல்கா ஃபிட்ஸ்ராய் முன்னெடுத்த இயக்கத்தின் தொடர்ச்சியாக, நடிகையாக இருந்து நாடாளுமன்றத்துக்கு வந்த ட்ரேசி பிராபின் 2018இல் பகிர்வு விடுப்பைச் சுயதொழிலருக்கும் நீட்டிக்கும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 2025 ஜூனில் நாடாளுமன்றத்தின் பெண்கள், சமத்துவக் குழு சுயதொழில் தந்தையருக்கும் ஓர் உதவித்தொகை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த மாதம் அரசு பெற்றோர் விடுப்பு முறை முழுவதையும் மறுஆய்வு செய்யத் தொடங்கியது. மிருதங்கம் வாசிக்கும் தந்தை பிள்ளை பிறந்த வாரத்தில் கச்சேரியை விட்டால் அந்த வாரம் வருமானம் இல்லை. ஆகவே அவர் போகிறார், தாய் நிற்கிறாள். வீட்டில் யார் பிள்ளை பார்ப்பது என்பதைக் கணவன் மனைவி பேசி முடிப்பதற்கு முன்பே சட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

கொரோனாக் காலம் இதைத் துலக்கமாகக் காட்டியது. சுயதொழிலருக்கான நிவாரணத் தொகை முந்தைய மூன்று ஆண்டு இலாபத்தின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டுகளில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பிரசவ மாதங்களும் தொழில் படுத்த மாதங்களாகவே எண்ணப்பட்டன. ஜோய்லி பிரியர்லி 2015இல் தொடங்கிய ‘ப்ரெக்னன்ட் தென் ஸ்க்ரூட்’ அமைப்பு வழக்குப் போட்டது. திட்டம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் அதனால் மறைமுகப் பாகுபாடு விளைந்ததை 2021 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆடி மாதமும் பள்ளி விடுமுறையும்

2025 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் வேலை செய்யும் பெற்றோரின் குழந்தைகளுக்கு 9 மாத வயதிலிருந்தே வாரம் 30 மணி நேரம் நர்சரி இலவசம். ஆண்டுக்கு 38 வாரம். முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காத பெரிய உதவி இது. ஆனால் காலை 6 மணிக்கு முன்னும் இரவு 8 மணிக்குப் பின்னும் இந்த இலவச நேரத்தைப் பயன்படுத்த முடியாது. வார இறுதியில் பயன்படுத்தத் தடையில்லை. சனிக்கிழமை திறந்திருக்கும் நர்சரியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதிகாலை முகூர்த்தத்துக்கு மூன்றரை மணிக்கு எழுந்து மணப்பெண் வீட்டுக்குப் போகும் மேக்கப் கலைஞருக்கும், வரவேற்பு முடிந்து நள்ளிரவில் கேமராவை மூட்டை கட்டுபவருக்கும் அந்த 30 மணி நேரம் எடிட்டிங்குக்கும் கணக்கு எழுதவும் உதவும். பணம் வரும் மணி நேரத்துக்கு அது உதவாது.

இலவச நேரத்துக்குத் தகுதி பெற, 21 வயதோ அதற்கு மேலோ ஆன பெற்றோர் ஒவ்வொருவரும் அடுத்த மூன்று மாதத்தில் 2,539 பவுண்டாவது சம்பாதிக்க வேண்டும் என்பது 2025–26இன் விதி. சுயதொழிலர் ஆண்டுச் சராசரியைக் காட்டலாம். தொழில் தொடங்கி ஓராண்டு ஆகாதவருக்கு இந்த வரம்பே இல்லை. கலைத்தொழிலுக்குப் பருவம் உண்டு என்பதை இங்கே சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது.

யுனிவர்சல் கிரெடிட் அதைப் புரிந்துகொள்ள மறுக்கிறது. அது மாதாமாதம் கணக்குப் பார்க்கும். தொழில் தொடங்கி ஓராண்டு கழிந்ததும் ‘குறைந்தபட்ச வருமானத் தளம்’ என்ற விதி வருகிறது: நீங்கள் எவ்வளவு குறைவாகச் சம்பாதித்தாலும், குறைந்தபட்சக் கூலியில் குறிப்பிட்ட மணி நேரம் உழைத்தால் வரும் தொகையைச் சம்பாதித்ததாகவே கொள்ளப்படும். 3 முதல் 12 வயதுப் பிள்ளையை முதன்மையாகப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் 30 மணி நேரம் வரை எதிர்பார்க்கலாம். 2025–26இன் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 12.21 பவுண்ட் வீதம் அது மாதம் சுமார் 1,587 பவுண்ட். வரியும் காப்பீடும் போக மீதியை உங்கள் வருமானமாக எழுதிக்கொள்வார்கள்.

இனித் தமிழ் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. ஆடி ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. லண்டன் பள்ளிகள் ஜூலை பிற்பகுதியில் மூடி செப்டம்பரில் திறக்கின்றன. வருமானம் வற்றும் மாதத்தில்தான் பிள்ளை முழுநாளும் வீட்டில். ஆவணி பிறந்து ஒவ்வொரு சனி ஞாயிறும் வேலை குவியும்போதும் பள்ளி இன்னும் திறக்கவில்லை. ஆடியில் 300 பவுண்ட் சம்பாதித்தவரை ஆயிரத்துக்கு மேல் சம்பாதித்தவராக எண்ணும் விதி, ஆவணியில் அவர் அள்ளும்போது உதவியைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டு மாதத்தின் சராசரியை அது பார்ப்பதில்லை.

வரிச் சட்டத்திலும் இதே பார்வை. கேமரா லென்ஸ், மேக்கப் பெட்டி, மேடை உடை, வாகன எண்ணெய் எல்லாம் தொழில் செலவு. முன்னறையைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால், உழைக்கும் நேரத்தைப் பொறுத்து மாதம் 10, 18 அல்லது 26 பவுண்ட் கழித்துக்கொள்ளலாம். அந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதற்காகப் பிள்ளையைப் பார்க்கச் சைல்ட்மைண்டருக்குக் கொடுத்த பணம் மட்டும் தொழில் செலவு ஆகாது. பிள்ளை சொந்த விஷயம் என்கிறது சட்டம். பிள்ளையை யாரும் பார்க்காவிட்டால் லென்ஸ் பெட்டியைவிட்டு வெளியே வராது என்பது அதற்குப் பொருட்டல்ல.

அம்மம்மாவும் விசாவும்

இந்த இடைவெளியை நிரப்புவது பாட்டிகள். ஈஸ்ட் ஹாம் தமிழருக்குள் இங்கே ஒரு பிளவு தெரிகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் குடியேறிய ஈழக் குடும்பங்களில் அம்மம்மா பெரும்பாலும் நடந்துபோகும் தூரத்திலோ பஸ் தூரத்திலோ இருக்கிறார். சனிக்கிழமை பிள்ளையைக் கொண்டுபோய் விட ஓர் இடம் உண்டு.

அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. பிரசவத்துக்கு வரும் அம்மாவுக்குப் பார்வையாளர் விசா வழக்கமாக ஒரு தடவைக்கு 6 மாதம். மகப்பேற்று உதவித்தொகைக் காலமோ 9 மாதம். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துவருவதற்கான விதிகள் 2012 ஜூலையில் மிகக் கடுமையாக்கப்பட்டன. ஊரிலிருந்து வந்த பாட்டி திரும்பிப் போகும்போது, தாய் தொழிலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் அநேகமாக அப்போதுதான் வருகிறது.

விசாவின் இன்னொரு முனையும் கூர்மையானது. திறன்பணியாளர் விசாவில் வந்தவரின் துணைவர் சுயதொழில் செய்யலாம். மென்பொருள் பொறியாளரின் மனைவி மேக்கப் கலைஞராகவோ நடன ஆசிரியராகவோ ஆவது அப்படித்தான். ஆனால் குடும்பமே ‘பொது நிதி கிடையாது’ என்ற நிபந்தனைக்குள் இருந்தால் யுனிவர்சல் கிரெடிட் இல்லை, குழந்தைப் படி இல்லை, உழைக்கும் பெற்றோருக்கான 30 மணி நேரமும் இல்லை. மகப்பேற்று உதவித்தொகை மட்டும் சந்தா கட்டியதற்குக் கிடைப்பது என்பதால் பொது நிதியில் சேராது. தகுதி இருந்தும் இதை அறியாமல் கோராமல் விடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் பணம் கொடுத்து விடலாம் என்றால், தன் வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட பிறர் பிள்ளையை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூலிக்குப் பார்ப்பவர் அரசின் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிடம் அல்லது அங்கீகரிக்கப்பட்ட முகமையிடம் பதிவு செய்ய வேண்டும். குழந்தைகளின் பாதுகாப்புக்கு அந்த விதி தேவை. ஆனால் பதிவு இல்லாத இடத்தில் கொடுத்த பணத்துக்கு எந்த அரசு உதவியும் வராது. தமிழர்கள் உண்மையில் சார்ந்திருக்கும் பிள்ளை பார்ப்பு பெரும்பாலும் இப்படிக் கணக்குக்கு வெளியே நடக்கிறது.

வீடே பட்டறையானபோது

வீட்டிலிருந்தே வேலை செய்தால் தீர்ந்தது என்று சொல்வோர் கிழக்கு லண்டனின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். நூறாண்டுக்கு முன் இப்பகுதிப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார்கள், துணி தைத்தார்கள். பிள்ளைகளும் கூட உட்கார்ந்து ஒட்டினார்கள். 1906இல் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழ் லண்டன் குயின்ஸ் ஹாலில் அந்தக் குறைகூலித் தொழில்களைக் கண்காட்சியாக வைத்தபோது நாடு அதிர்ந்தது. 1909இல் சில தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. வீட்டையும் பிள்ளையையும் விட்டு நகர முடியாதவருக்குப் பேரம் பேசும் வலு குறைவு. அதனால் கூலியும் குறைவு. பாடகி மாயா அருள்பிரகாசத்தின் தாய் தென்லண்டனில் தையல் வேலை செய்தே பிள்ளைகளை வளர்த்தார். இசையுலகம் கொண்டாடிய ஒரு மகளுக்குப் பின்னால் இருந்த வீட்டுத் தொழில் அது.

வேறு மாதிரியான வீடும் நம் மரபில் இருந்திருக்கிறது. வீணை தனம்மாள் (1867–1938) வீட்டில் மகள் ஜெயம்மாள் பாடினார். பேத்தி பாலசரஸ்வதி ஏழு வயதில் அரங்கேறினார். பேரன்கள் மிருதங்கமும் குழலும் கற்றார்கள். அங்கே பிள்ளை வளர்ப்பதும் கலைஞரை உருவாக்குவதும் ஒரே வேலை. பல பெண்கள் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் ஒருத்தி சாதகம் செய்யும்போது இன்னொருத்தி பிள்ளையைத் தூக்கினாள். தேவதாசி மரபில் வந்த அந்தக் குடும்பத்திடம் அதற்குச் சமூகம் வாங்கிய விலை இழிசொல். இன்றைய நடன ஆசிரியர் தன் மகளை வகுப்பின் முதல் வரிசையில் நிறுத்துவதில் அந்த முறையின் ஓர் இழை மிஞ்சியிருக்கிறது. உடனிருக்கும் பெண்கள் மட்டும் மிஞ்சவில்லை. மகள் நன்றாக ஆடினால் அது வகுப்புக்கு விளம்பரம். ஆட மறுத்தால் அதுவும் ஒரு விளம்பரம். பிள்ளையைத் தொழிலோடு இணைத்து நேரச் சிக்கலைத் தீர்க்கும்போது அதன் சுமையில் ஒரு பகுதி பிள்ளையின் தோளுக்கு மாறுகிறது.

தொழிற்சந்தையில் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2023இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், எந்நேரமும் கூப்பிட்டவுடன் வருபவருக்கே மிகையான ஊதியம் தரும் வேலைகள்தான் தம்பதியருக்குள் வருமான இடைவெளியை விரிக்கின்றன என்கிறார். ஃப்ரீலான்ஸ் கலை வேலை நெகிழ்வானது என்று எண்ணுகிறோம். ஈஸ்ட் ஹாம் சந்தையில் முகூர்த்தம் நெகிழாது, மண்டபத்தின் நேரம் நெகிழாது, அரங்கேற்றத் தேதி நெகிழாது. நெகிழ வேண்டியிருப்பது கலைஞர் மட்டும்.

ஒரு சாப்பாட்டுத் தட்டின் பாடம்

நியூஹாமிலேயே இதற்கு ஒரு மாற்று உதாரணம் இருக்கிறது. 2009இல் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் இலவச மதிய உணவு தரும் சோதனைத் திட்டம் நடந்த இரு பகுதிகளில் நியூஹாம் ஒன்று. அரசின் சோதனை 2011இல் முடிந்த பிறகும் நகராட்சி தன் பணத்தில் அதைத் தொடர்ந்தது. 2023 செப்டம்பரில் லண்டன் மேயர் நகரின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் அதை விரிவாக்கினார். அந்தத் தட்டுக்கு முன்னால் உட்காரும் பிள்ளையிடம் அம்மா ஊழியரா சுயதொழிலரா, ஆடியில் எவ்வளவு சம்பாதித்தாள், என்ன விசா என்று யாரும் கேட்பதில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்குமான வாரம் 15 மணி நேர நர்சரியும் அப்படிப்பட்டதே. பிள்ளையோடு ஒட்டிய உதவி நிலையற்ற தொழில் செய்பவரைச் சென்றடைகிறது. சம்பளச் சீட்டோடு ஒட்டிய உதவி அவரிடம் வந்து சேர்வதற்குள் தேய்ந்துவிடுகிறது. அயர்லாந்து 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தரத் தொடங்கியதும் இதே தர்க்கத்தில்தான்: ஏற்ற இறக்கமுள்ள வருமானத்துக்கு அடியில் ஏறி இறங்காத ஒரு தரை.

பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டத்தில் மாற்ற வேண்டியவை நான்கு: மகப்பேற்று உதவியை ஊழியருக்கு நிகராக்குவது, சுயதொழில் தந்தைக்கும் விடுப்புத் தொகை தருவது, யுனிவர்சல் கிரெடிட் கணக்கை ஆண்டுச் சராசரிக்கு மாற்றுவது, பிள்ளை பார்ப்புச் செலவைத் தொழில் செலவாக ஏற்பது. இவற்றுக்கு ஆண்டுகள் ஆகலாம்.

சனிக்கிழமையைச் சரிசெய்ய அவ்வளவு காலம் வேண்டாம். அந்த நாளில் கலைஞர்களை அழைப்பவர்கள் நாம்தான்: கோவில்கள், தமிழ்ப் பள்ளிகள், சங்கங்கள், கலியாண வீட்டார். தமிழ்ப் பள்ளிகளிடம் சனிக்கிழமை வாடகைக்கு எடுத்த வகுப்பறைகளும் பின்புலச் சரிபார்ப்பு முடித்த தொண்டர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். விதிப்படி பதிவு செய்த ஒரு சைல்ட்மைண்டரை அங்கே அமர்த்தி, அன்று அந்த வட்டாரத்தில் கற்பிக்கவோ வாசிக்கவோ வரும் கலைஞரின் பிள்ளைகளுக்கும் ஓர் அறை ஒதுக்குவது அதிகச் செலவில்லாத வேலை. பதிவு பெற்ற இடம் என்பதால் அரசு உதவியும் அந்தச் சனிக்கிழமைக்கு வந்து சேரும். கலியாண வீட்டார் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பேரமின்றிக் கொடுத்துவிட்டு மருதாணிக்காரியிடம் 50 பவுண்டுக்கு வாதாடும் பழக்கத்தை விட்டால், அந்த ஐம்பதில் ஒரு பிள்ளையை ஒரு மாலை பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்ள முடியும். கலைஞர்களும் விலைப்பட்டியலில் பயணச் செலவை எழுதுவதுபோல் பிள்ளை பார்ப்புச் செலவையும் கூச்சமின்றி எழுதலாம். அரசு அதைத் தொழில் செலவாக ஏற்பதற்கு முன், அந்தத் தொழிலால் பயன்பெறும் நாம் ஏற்க வேண்டும்.